சீனப் பஞ்சங்கள் பற்றி நாகர்கோவிலில் ஒரு மாலை வகுப்பு: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம், கண்டிப்பாகப் போங்கள். கீழே குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கடையின் மாடியில், சிறிய வாசகர் குழு ஒன்று சனிக்கிழமை சாயங்காலங்களில் வரலாற்று வகுப்பு நடத்துகிறது. ஒரு தடவைக்கு ஒரு பொருள், ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம். மொத்தக் கட்டணம் 600 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. இந்த முறை எடுத்துக்கொண்ட பொருள், பேரரசர்கள் ஆண்ட காலச் சீனாவில் வறட்சியும் வெள்ளமும் குளிரும் வெட்டுக்கிளியும் எப்படிப் பஞ்சமாக முடிந்தன என்பது. நம்ம ஊரில் உட்கார்ந்துகொண்டு சீனாக்காரன் பட்டினியை எதற்குப் படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே கேட்டார்கள். நான்காவது வார வகுப்புக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன், அதற்கப்புறம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பாடம் எடுப்பவர் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் சார் என்கிறோம், அவர் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் 'மக்களே' என்கிறார். எடுத்த எடுப்பில் அரச வம்சப் பட்டியலுக்குள் இறங்காமல், ஒரு பெரிய துணி வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, மழை எங்கே எப்போது பெய்யும் என்பதிலிருந்து தொடங்கினார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, முதல் போகமான கன்னிப்பூ கைவிட்டால் அடுத்த போகமான கும்பப்பூவில் கொஞ்சம் தேறலாம். வட சீனச் சமவெளிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஆண்டு மழையில் பெரும்பகுதி கோடையின் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும், அந்தக் கோடைப் பருவக்காற்று வலுவிழந்தால் அந்த வருடம் போனதுதான். இரண்டு வருடம் தொடர்ந்து வலுவிழந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆறு வாரப் பாடமும்.

முதல் வாரம் பெரும்பாலும் மஞ்சள் ஆறு. காற்று கொண்டுவந்து குவித்த மெல்லிய மண்ணாலான பெரிய மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு வரும் ஆறு அது. ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்து வந்ததாக 20ஆம் நூற்றாண்டின் அளவீடுகள் சொல்கின்றன. சமவெளியில் வேகம் குறைந்ததும் வண்டல் அடியில் தங்குகிறது, ஆற்றின் அடி உயர்கிறது, உடனே கரையை உயர்த்துகிறார்கள், அடி மறுபடியும் உயர்கிறது, இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் போய் கைஃபெங் நகரத்துப் பக்கம் ஆறு ஊருக்கு மேலே ஓடும் நிலைமைக்கு வந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் பான் ஜிசுன் என்ற அதிகாரி, கரைகளை நெருக்கிக் கட்டினால் தண்ணீரின் வேகம் கூடி வண்டலை அதுவே அரித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டு வேலை செய்தார். அந்த யோசனையை சார் விளக்கிய விதம் அருமை. ஒரு தகரத் தொட்டியில் மணலும் தண்ணீரும் ஊற்றிச் செய்து காட்டினார், முன்வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். 1855ல் அந்த ஆறு கரையை உடைத்துத் தடத்தையே மாற்றிக்கொண்டது. அதுவரை ஷாண்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் சேர்ந்த ஆறு, அதற்குப் பிறகு வடக்கே போஹாய் கடலுக்குத் திரும்பிவிட்டது. தெற்கிலிருந்து தலைநகருக்கு அரிசி போன பெருங்கால்வாயும் அதில் சீர்குலைந்தது. 1887ல் ஜெங்ஜௌ அருகே உடைந்தபோது இறந்தவர்கள் 9 லட்சம் பேருக்குக் குறையாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வெள்ளம் வடிந்தாலும் நிலம் மணலுக்கடியில் கிடக்கும், விதை நெல்லோ கோதுமையோ மிஞ்சியிருக்காது, உழவு மாடு போயிருக்கும். அதனால் வெள்ளத்துக்கு அடுத்த வருடம்தான் பஞ்சத்தின் உண்மையான வருடம் என்று சார் சொன்னபோது, 2021 நவம்பர் வெள்ளத்தில் வாழைத்தோட்டம் போன ஒருவர் பின்னாலிருந்து "ஆமா சார், அடுத்த வருஷந்தான் கஷ்டம்" என்றார்.

வெட்டுக்கிளிக்கும் அந்த வாரத்திலேயே இடம் கொடுத்திருந்தார். மிங் வம்சம் ஆண்ட காலத்தின் கடைசி வருடங்களில் சு குவாங்சி என்ற அமைச்சர், பழைய வரலாறுகளில் பதிவாகியிருந்த 111 வெட்டுக்கிளிப் படையெடுப்புகளை மாதவாரியாகப் பிரித்து, பெரும்பாலானவை கோடையில் வருகின்றன, தண்ணீர் ஏறியும் வற்றியும் கிடக்கும் ஏரி ஓரங்களில்தான் முட்டையிட்டுப் பெருகுகின்றன என்று கண்டுபிடித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் தரவை அடுக்கி வைத்து யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இரண்டாவது வாரம் வம்சங்கள் கவிழ்ந்த கதை. 1344ல் வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் மூன்றும் சேர்ந்து வந்தபோது அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரையும் இழந்து, புதைக்கவும் சொந்த நிலமில்லாமல் புத்த மடத்தில் போய்ச் சேர்ந்த ஓர் ஏழை வீட்டுப் பையன், 1368ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசராக உட்கார்ந்தார். ஜு யுவான்சாங் அவர் பெயர். அவர் தொடங்கிய வம்சம் முடிந்ததும் ஒரு பெரும் வறட்சியோடுதான். 1620களின் கடைசியில் ஷான்ஷி பகுதியில் தொடங்கிய பட்டினி, 1630களின் பிற்பாதியிலிருந்து 1640களின் தொடக்கம் வரை வட சீனா முழுவதும் பரவியது, உலகமே குளிர்ந்திருந்த சிறு பனிக்காலம் அது. அரசாங்கம் செலவைக் குறைக்க அஞ்சல் நிலையங்களை மூடியதில் வேலை போன தபால்காரர்களில் ஒருவரான லி சிசெங், கலகப்படையின் தலைவராகி 1644 ஏப்ரலில் பெய்ஜிங்கைப் பிடித்தார். கடைசிப் பேரரசர் அரண்மனைக்குப் பின்னாலுள்ள குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டார்.

இங்கே சார் ஒரு நல்ல காரியம் செய்தார். காலநிலைதான் மிங் வம்சத்தைக் கவிழ்த்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது இப்போது பரவலாக இருக்கிறது. அந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே அரசவை செய்ததை வருடவாரியாக எழுதினார். வடகிழக்குப் போருக்காகப் பஞ்சம் பிடித்த மாகாணங்கள் மீதும் கூடுதல் வரி போட்டது, படைவீரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைத்தது, தபால்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் அதில் வந்தன. எழுதி முடித்த பின் எங்களையே படிக்கச் சொன்னார், தானாக எதுவும் சொல்லவில்லை.

இனி மூன்றாவது வாரம். இதற்காகவே 600 ரூபாய் கொடுக்கலாம். பொருள்: அரசுத் தானியக் களஞ்சியம். அறுவடைக் காலத்தில் விலை சரியும்போது அரசு வாங்கி வைப்பது, அடுத்த இளவேனிலில் விலை ஏறும்போது குறைந்த விலைக்கு விற்பது. இந்த ஏற்பாடு கிமு 54ல் ஹான் பேரரசில் தொடங்கியது, 18ஆம் நூற்றாண்டில், மிங்குக்கு அடுத்து வந்த சிங் பேரரசு அதை மாவட்டம் மாவட்டமாக விரித்தது. ஊர்களின் தானிய விலையும் மழை விவரமும் மாதாமாதம் தலைநகருக்கு அறிக்கையாகப் போயின. பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், தன் பாட்டா காலத்தில் வீட்டுப் பத்தாயத்தில் ஒரு பூ நெல்லைத் தொடாமல் வைத்து அடுத்த பூ வீட்டுக்கு வந்த பிறகே திறப்பார்கள் என்று சொல்ல, சார் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பேசச் சொன்னார். வகுப்பில் இப்படி இடம் கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு 1743க்கு வந்தார். பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஜிலி மாகாணத்தில் அந்த ஆண்டு மழை பொய்த்தது, கோடை வெயில் பயங்கரமாக இருந்தது. குளிர்காலம் வருவதற்குள்ளேயே அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் விளைச்சல் பத்தில் எத்தனை பங்கு போயிற்று என்று கணக்கெடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதி, மிகவும் ஏழைகள், கொஞ்சம் தாங்கக்கூடியவர்கள் என்று பிரித்தார்கள். வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தானியம், குழந்தைக்கு அதில் பாதி. கால்வாய் வழியாகத் தெற்கிலிருந்து வந்து தோங்ஜௌ களஞ்சியங்களில் இருந்த அரிசியைத் திருப்பி அனுப்பினார்கள். ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி, அடுத்த விதைப்புக்குக் கடன், நிலவரித் தள்ளுபடி. இந்த வேலையில் முன்னின்ற ஃபாங் குவான்செங் என்ற அதிகாரி அத்தனை ஆணைகளையும் கணக்குகளையும் தொகுத்து வைத்ததால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது. பஞ்சம் வந்திருக்க வேண்டிய ஒரு வருடத்தில் பெருஞ்சாவு வராமல் தடுத்தார்கள். வரலாற்றில் இப்படிப்பட்ட வருடங்கள் கண்ணுக்கே படுவதில்லை, எனக்கும் இந்த வகுப்புக்கு முன் இப்படி ஒன்று தெரியாது.

இங்கே எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, வகுப்பிலேயே சொன்னேன். இந்தப் பதிவு முழுக்க நிவாரணம் கொடுத்த அதிகாரிகள் எழுதியது. பெயர் எழுதாமல் விட்ட வீடுகள் எத்தனை, எடுத்த தானியத்தில் வழியில் காணாமல் போனது எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்தக் காலத்து ஆணைகளிலேயே குமாஸ்தாக்களின் முறைகேட்டைப் பற்றிய எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறதே, அதைக் கொஞ்சம் விரிவாகப் பேசியிருக்கலாம். சார் ஒத்துக்கொண்டார், ஆனால் நேரம் போதவில்லை.

நான்காவது வாரம் 1876. வட சீனாவில் ஷான்ஸி, ஹெனான், ஷான்ஷி (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஷான்ஸி வேறு, ஷான்ஷி வேறு), ஜிலி, ஷாண்டோங் ஆகிய ஐந்து மாகாணங்களில் மழை பொய்த்து, பஞ்சம் 1879 வரை நீண்டது. இறந்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை என்கிறார்கள், மிக மோசமாக அடிபட்டது ஷான்ஸி. 1743ல் இருந்த களஞ்சியங்கள் எங்கே போயின? தைப்பிங் கலகம் என்ற உள்நாட்டுப் போர் 1850 முதல் 1864 வரை நாட்டைச் சூறையாடியதில் கஜானாவும் களஞ்சியமும் காலி. மிஞ்சிய பணத்தில் பெரும்பங்கு மேற்குக் கோடியிலுள்ள சின்ஜியாங்கை மீட்கும் படையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நிலத்தில் ஒரு பகுதி தானியத்தை விட்டு அபினிக்கு மாறியிருந்தது. தியான்ஜின் துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கினாலும், அதை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஷான்ஸிக்குக் கொண்டுபோக முக்கிய வழி ஒரு கணவாய்தான். குகுவான் கணவாயில் ஒட்டகமும் கழுதையும் கோவேறு கழுதையும் நெருக்கியடித்து நின்று, தீனியில்லாமல் வழியிலேயே செத்து விழுந்தன. சீனாவின் முதல் ரயில் பாதை, ஷாங்காய் அருகே 1876ல் ஓடத் தொடங்கியதை, அரசே விலைக்கு வாங்கி 1877ல் பிடுங்கிப் போட்டுவிட்டது. ரயில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று வகுப்பில் பலரும் ஒரே குரலில் சொன்னோம்.

அப்போதுதான் சார் துணி வரைபடத்தைச் சுருட்டிவிட்டு சென்னை மாகாண வரைபடத்தை மாட்டினார். அதே 1876, பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைக்கும் அதே எல் நினோ, நம் தாது வருடப் பஞ்சம். இங்கே ரயில் இருந்தது. அந்த ரயில் தானியத்தை, காசு கொடுக்க முடிகிற இடத்துக்குத்தான் கொண்டுபோனது, பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை, அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். இந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். 1743ல் ஒரு சீனக் கிழவிக்கு வேலை வாங்காமலே கிடைத்த தானியம், 134 வருடம் கழித்து, ரயிலும் தந்தியும் வைத்திருந்த ஓர் அரசிடம், மண்வெட்டி பிடித்த ஆம்பிளைக்குக் கிடைத்ததற்குப் பெரிதாகக் குறைவில்லை. இதைக் கேட்டபோது கோபம் வந்தது, எழுதும்போதும் வருகிறது. வானம் செய்ததை ஷான்ஸியிலும் சேலத்திலும் ஒரே மாதிரிதான் செய்தது, அதற்கப்புறம் நடந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு.

சீன அரசு தடுமாறியபோது ஷாங்காய், சூஜௌ பக்கத்துக் கனவான்கள், மரப்பட்டை தின்னும் மனிதர்களையும் பிள்ளைகளை விற்கும் தாய்மாரையும் படமாக வரைந்து அச்சிட்டு நிதி திரட்டியதையும், வேல்ஸைச் சேர்ந்த மதபோதகர் திமோத்தி ரிச்சர்ட் ஷாண்டோங்கிலும் ஷான்ஸியிலும் நிவாரணம் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் படங்களில் சிலவற்றை முன்னறிவிப்பு இல்லாமல் திரையில் போட்டது சரியில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

ஐந்தாவது வாரம் சாப்பாடு, பெண்கள் அதிகம் பேசிய வாரமும் இதுதான். 1406ல் கைஃபெங்கில் இருந்த மிங் இளவரசர் ஜு சு, பஞ்சத்தில் தின்னக்கூடிய 414 செடிகளைப் படம் வரைந்து, எதை எத்தனை தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். தானே தோட்டம் போட்டு வளர்த்துப் பார்த்து எழுதியவர். அதுவும் கிடைக்காதவர்கள் வெள்ளைக் களிமண்ணைத் தின்றார்கள், வயிறு நிறையும், பிறகு குடல் அடைத்துச் சாவார்கள். 1590களில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சென் ஜென்லோங் என்ற வணிகர் சீனிக்கிழங்குக் (சர்க்கரைவள்ளி) கொடியை ஃபூஜியானுக்குக் கொண்டுவந்தார், அங்கே பயிர் பொய்த்தபோது மாகாண ஆளுநர் அதை நடச் சொல்லிப் பரப்பினார். இதைச் சொன்னதும் தக்கலையிலிருந்து வரும் அக்கா ஒருவர், நம்ம மரச்சீனி (மரவள்ளி) கதையும் இதேதானே என்றார். ஆமாம், 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார், இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்து வீடுகளில் பசியை ஆற்றியது அதுதான். கசக்கிற இனத்தை வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று அந்த அக்கா சொன்னதை சார் அந்த இளவரசரின் குறிப்புக்குப் பக்கத்தில் பலகையில் எழுதினார். நான் பார்த்ததிலேயே அழகான வகுப்பு நிமிடம் அதுதான்.

ஆறாவது வாரம் ஏமாற்றம். 1815ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன்பின் கோடையிலும் குளிர் விலகாமல் தென்மேற்குச் சீனாவின் யுன்னானில் நெல் பிடிக்காமல் போய், 1817 வரை பட்டினி நீண்டதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மீதி நேரம் தேர்வு மாதிரி ஒரு கேள்வித்தாள். யாருக்கு வேண்டும் அது? அந்த இரண்டு மணி நேரத்தை யுன்னானுக்குக் கொடுத்திருக்கலாம், இல்லையென்றால் எல்லோரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போயிருக்கலாம். காமராஜர் முயற்சியில் வறட்சி நிவாரணத்துக்காகக் கட்டிய பாலம் நம் மாவட்டத்திலேயே நிற்கிறது, அதன்மேல் நின்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

கொடுக்கும் அச்சுப் பிரதிகளும் சரியில்லை. ஒரே ஊர்ப்பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கிறது, ஷான்ஸியும் ஷான்ஷியும் வேறு வேறு மாகாணங்கள் என்பதே எனக்கு இரண்டாம் வாரம்தான் புரிந்தது, பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம் அச்சடித்தால் தீர்ந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தனியாக ஒரு பக்கம் வேண்டும். அறை சிறியது, மின்சாரம் போனால் காற்று கிடையாது, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். சுக்குக்காப்பி இடைவேளையில் தருகிறார்கள், கட்டணத்தில் சேர்ந்ததுதான், நன்றாக இருக்கிறது.

மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இல்லை, மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே உள்ள அறைக்கு மாற்றுகிறார்கள். வகுப்பு எட்டு மணிக்கு முடியும் என்று சொன்னாலும் கேள்வி நேரம் இழுத்துக்கொண்டு போகும், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தால் போதும், முதல் வாரம் இலவசம். வீடியோ பதிவு செய்வதில்லை, எவ்வளவு கேட்டாலும் மறுக்கிறார்கள். அதனால் ஆறு வாரமும் வர முடியாதவர்கள் மூன்றாவதும் நான்காவதுமாவது தொடர்ந்து வாருங்கள், தனித்தனியாகக் கேட்டால் பாதிதான் புரியும்.